கேபின் ஃபில்டரை நாமே மாற்றுவது எப்படி? சர்வீஸ் சென்டரில் என்ன கேட்பது?

ஏசியை முழு வேகத்தில் வைத்தும் காற்று மந்தமாக வருகிறது, போட்டவுடன் ஈர வாடை அடிக்கிறது, மழை நாளில் முன் கண்ணாடியில் படியும் ஆவி விலக வெகு நேரமாகிறது என்றால், கேஸ் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். மெக்கானிக்குகள் பலர் இதை ஏசி ஃபில்டர் என்பார்கள். எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் வேறு. அது பானெட்டுக்கு அடியில் இருக்கும். பில்லில் வெறுமனே 'ஃபில்டர்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஃபில்டர் என்று கேட்டுவிடுவது நல்லது.

பெரும்பாலான கார்களில் இது குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. சில கார்களில் டாஷ்போர்டுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டிலும், வேறு சிலவற்றில் வைப்பருக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடிக்குக் கீழும் இருக்கும். உங்கள் காரில் எங்கே இருக்கிறது என்பதைக் காருடன் வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். காணொளிகளைவிட அதுவே நம்பகமானது, ஏனெனில் ஒரே பெயருள்ள காரிலும் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுவதுண்டு. புதிய ஃபில்டரை வாங்கும்போதும் மாடலோடு தயாரிப்பு ஆண்டையும் எரிபொருள் வகையையும் சொல்லி வாங்குங்கள்.

வண்டியை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குளோவ் பாக்ஸைக் காலி செய்து திறந்து, அதன் இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால், தடுப்பு முனைகள் விடுபட்டு அது கீழே தொங்கும். அதற்கு முன் பக்கவாட்டைப் பாருங்கள்: மூடி மெதுவாகத் திறப்பதற்கென்று சிறிய கயிறோ பிளாஸ்டிக் கையோ கோக்கப்பட்டிருந்தால், அதை முதலில் கழற்ற வேண்டும். இழுத்தால் உடையும். பின்னால் தெரியும் நீளவாட்டு மூடியின் கிளிப்புகளை விரலாலேயே அழுத்தி எடுத்துவிடலாம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவதை நான் பரிந்துரைப்பதில்லை. பழைய பிளாஸ்டிக் வளையாது, விண்டுவிடும். நல்ல வெளிச்சம் தரும் ஒரு டார்ச்சும், வாய் குறுகிய ஒரு வேக்குவம் கிளீனரும் இருந்தால் போதும்.

ஃபில்டரை வெளியே இழுக்கும்போது படுக்கை வாட்டத்தில், மெதுவாக இழுங்கள். மடிப்புகளுக்கிடையே சருகுகள், சிறகு உதிர்ந்த பூச்சிகள், பஞ்சுபோல் திரண்ட தூசி எல்லாம் தங்கியிருக்கும். சாய்த்து இழுத்தால் அவை உள்ளே புளோயர் விசிறியில் விழுந்து, பிறகு ஏசி போடும்போதெல்லாம் 'டக் டக்' என்று சத்தம் எழும்.

இனிமேல்தான் பலரும் தடுமாறும் இடம் வருகிறது. புதிய ஃபில்டரின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி அச்சிடப்பட்டிருக்கும். அதன் அருகில் 'ஏர் ஃப்ளோ' என்று எழுதியிருந்தால், காற்று எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் அம்பு காட்ட வேண்டும். 'அப்' என்று எழுதியிருந்தால் அது காற்றின் திசையைக் குறிப்பதன்று. அந்த முனை மேலே இருக்க வேண்டும் என்பது மட்டுமே அதன் பொருள். ஃபில்டர் படுக்கையாக அமரும் பல கார்களில் காற்று மேலிருந்து கீழே இறங்குவதால், முதல் வகை அம்பு கீழ்நோக்கியும் இரண்டாம் வகை அம்பு மேல்நோக்கியும் அமையும். இரண்டையும் ஒன்றென்று எண்ணினால் ஃபில்டர் தலைகீழாகிவிடும்.

பழைய ஃபில்டரின் அம்பு இருந்த திசையிலேயே புதியதையும் வைத்துவிடலாமே என்று தோன்றும். முன்பு மாட்டியவர் சரியாக மாட்டினார் என்பதற்கு என்ன உறுதி? அம்பை நம்பாமல் அழுக்கை நம்புங்கள். யார் எப்படி மாட்டியிருந்தாலும், காற்று நுழையும் பக்கத்தில்தான் சருகும் தூசியும் படிந்திருக்கும். ஆகவே பழைய ஃபில்டரை எடுக்கும்போதே எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அழுக்குப் பக்கத்திலிருந்து சுத்தமான பக்கத்தை நோக்கிப் புதிய ஃபில்டரின் காற்றோட்ட அம்பு இருக்குமாறு வையுங்கள். நாற்றத்தை உறிஞ்சும் கரி அடுக்குள்ள ஃபில்டர்கள் கறுத்த நிறத்திலேயே வருவதால் தூசியின் சாயல் தெரியாது. அவற்றில் சருகும் நாரும் எந்தப் பக்கம் சிக்கியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

மாட்டுவதற்கு முன் அந்தக் காலி அறையை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடுங்கள். பிறகு ஃபில்டரின் ஓரத்தில் மார்க்கரால் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதுங்கள். மூடியைப் போட்டு, கயிறைக் கோத்து, குளோவ் பாக்ஸை ஏற்றினால் வேலை முடிந்தது.

பொதுவாக 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ மாற்றுகிறார்கள். உங்கள் கையேட்டில் உள்ள கணக்கைப் பின்பற்றுங்கள், புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கு இன்னும் முன்னதாகவே தேவைப்படும். புகை நாற்றம் பொறுக்காதவர்கள் கரி அடுக்குள்ளதை வாங்கலாம். மற்றவர்களுக்குச் சாதாரண ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுவதே மேல் என்பது என் கருத்து.

சர்வீஸ் சென்டரில் நான் மாற்றிக்கொண்ட பழக்கங்கள் இதிலிருந்து வந்தவை. வண்டியை விடும்போதே, செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் 'கேபின் ஃபில்டரைத் தொட வேண்டாம்' என்று எழுதச் சொல்கிறேன். 'ஃபில்டர் கிளீனிங்' என்று ஒரு வரி பில்லில் வந்தால் அதை நீக்கச் சொல்கிறேன்: அங்கே பெரும்பாலும் அழுத்தக் காற்றைப் பீய்ச்சுவார்கள், மேலோட்டமான தூசி பறக்குமே தவிர, இழைகளுக்குள் புதைந்தது போகாது, அழுத்தம் கூடினால் இழையே கிழியும். கரி அடுக்கு ஒருமுறை தீர்ந்தால் ஊதி மீட்க முடியாது. எந்த உதிரிப்பாகத்தை மாற்றினாலும் பழையதை வண்டியிலேயே வைத்துக் கொடுக்கும்படி வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன். முடிந்தபின் கேட்டால் அது குப்பைக்குப் போயிருக்கும். அங்கேயே ஃபில்டரை மாற்றச் சொல்பவர்கள் இந்த ஒன்றையாவது கேட்டுப் பெறுங்கள், முன்பு நீங்கள் மார்க்கரில் எழுதிய தேதி அந்தப் பழைய ஃபில்டரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பின்சேர்க்கை: வெளிக்காற்றை அடைத்து, உள்காற்றுச் சுழற்சியிலேயே ஓட்டுவதால் ஃபில்டர் அழுக்காகாதல்லவா என்று சிலர் கேட்டார்கள். பல கார்களில் வெளிக்காற்றா உள்காற்றா என்று மாற்றும் கதவுக்குப் பிறகே ஃபில்டர் இருப்பதால், உள்காற்றும் அதன் வழியாகவே போகிறது; இருக்கைத் துணியின் நாரும் முடியும் காலணி மண்ணும் அதில்தான் சேரும். மூடியைத் திறந்தால் உள்ளே ஃபில்டரே இல்லை என்று எழுதியவர்களும் உண்டு. சில கார்களின் குறைந்த விலை வகைகள் ஃபில்டர் இல்லாமலேயே வருகின்றன. அறை இருந்தால், அதற்குப் பொருந்தும் ஃபில்டரை வாங்கி மாட்டிவிடுங்கள். இல்லையேல் அந்தத் தூசியெல்லாம் ஈரமான கூலிங் காயிலில் போய் ஒட்டும், அதைக் கழுவ டாஷ்போர்டையே கழற்ற வேண்டி வரலாம்.