உலுருவைச் சுற்றும்போது செய்யக் கூடாதவை

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் நிற்கும் உலுரு என்ற பெரும்பாறைக்குப் போகிறவர்கள் தொப்பியையும் தண்ணீரையும் மறப்பதில்லை. மண்ணின் சொந்தக்காரர்களான அனங்கு மக்களின் ஜுகுர்பாவில்தான் கோட்டை விடுகிறார்கள். ஜுகுர்பா என்பது வெறும் கதை அல்ல. சட்டம், வழிபாடு, நிலத்தின் வரலாறு எல்லாம் அதற்குள் அடக்கம்.

தடை செய்த இடத்தில் படம் எடுப்பது

பாறையடியைச் சுற்றும் பாதை 10.6 கி.மீ. மாலா வாகன நிறுத்தத்தில் தொடங்கி வலமாக நடந்தால், வடகிழக்குப் பக்கத்தில் படம் எடுக்க வேண்டாம் என்ற பலகைகள் வரும். அங்கே சில இடங்கள் ஆண்களின் சடங்குக்கு உரியவை, சில பெண்களுக்கு உரியவை. பாறையின் பிளவும் குழியும் வேதத்துக்குச் சமம். அவற்றை அந்த இடத்திலேயே, உரியவர்கள்தான் பார்க்க வேண்டும். படமாக வெளியே போய்விட்டால் யார் கண்ணில் படும் என்பது யார் கையிலும் இல்லை.

பலகையைப் பார்த்ததும் கேமராவை மூடுகிறார்கள். ஆனால் நெஞ்சில் மாட்டிய கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். சிலர் சாலையிலிருந்து, கார் ஜன்னல் வழியாக ஜூம் செய்கிறார்கள். செல்ஃபியின் பின்னணியில் அதே பிளவு விழும். கருவறை முன் செல்போனை எடுக்காதவர்கள்தான் இதையும் செய்கிறார்கள் என்பது எரிச்சல்.

முதல் பலகையிலேயே வீடியோவை நிறுத்தி, போனைப் பைக்குள் போடுங்கள். அந்தப் பகுதியைத் தாண்டியபின் எடுக்கலாம். தவறி எடுத்திருந்தால் போனில் மட்டுமல்ல, கிளவுடிலும் அழியுங்கள். வருமானத்துக்காகப் படம் எடுப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். முழுப் பாறையும் வேண்டுமா? சூரிய உதயம், அஸ்தமனம் பார்க்க ஒதுக்கிய இடங்களிலிருந்து எடுங்கள்.

கதையை நாமே கோப்பது

முட்டிஜுலு நீர்க்குட்டையருகே பாறையில் இரண்டு வெட்டுகள் தெரியும். ஒன்று ஆழமில்லாதது, மற்றொன்று ஆழமானது. தன் உடன்பிறந்தவரின் மகனுக்காகப் பழிவாங்க வந்த குனியா என்ற மலைப்பாம்புப் பெண், லிரு என்ற விஷப்பாம்பு வீரனைத் தோண்டுகோலால் இருமுறை அடித்த தடம் அது. அனங்கு மக்கள் வெளியே சொல்வது கதையின் ஒரு பகுதியை மட்டும்தான். மிச்சத்தை நாகதேவதைக் கதையால் நிரப்பாதீர்கள்.

கல்லை எடுத்து வருவது

வேண்டாம். மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திரும்பி வரும் கற்கள் ஏற்கெனவே ஏராளம். எங்கே எடுத்தது என்று தெரியாமல் தேசியப் பூங்கா ஊழியர்கள் திண்டாடுகிறார்கள்.

ஏறலாமா?

2019 அக்டோபர் 26 முதல் தடை.

கட்டா ஜுட்டாவில் துருவுவது

உலுரு இருக்கும் அதே பூங்காவில், 36 குவிமாடப் பாறைகள் கொண்ட அந்த இடத்தின் ஜுகுர்பா ஆண்களின் மரபுக்குரியது, வெளியாருக்குச் சொல்லப்படுவதில்லை. வழிகாட்டியை நச்சரிக்காதீர்கள்.