மருந்தெதிர்ப்பு வரைபடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் எந்த வட்டாரத்தில் மிகுந்துள்ளன என்று வரைபடம் போட வரும் புதியவர்கள், நான் தொடக்கத்தில் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். விடுபட்ட வயதையும் எழுத்துப்பிழையையும் அவர்களே திருத்திக்கொள்வார்கள். அவை இங்கே வேண்டாம்.

ஆய்வகத்துக்கு வந்ததை ஊரில் உள்ளதாக எண்ணுவது

சிறுநீர்த் தொற்று உண்டாக்கும் ஈ.கோலை கிருமிக்கு நான் போட்ட முதல் வரைபடத்தில் ஒரு வட்டாரம் மட்டும் அடர்சிவப்பாக நின்றது. அங்கே மருந்துகளை மக்கள் கண்டபடி விழுங்குகிறார்கள் என்று அறிக்கையும் எழுதிவிட்டேன். பிறகுதான் மாதிரிகளோடு வந்த சீட்டுகளைப் புரட்டினேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ‘மருந்து கொடுத்தும் குறையவில்லை’ என்றிருந்தது. பக்கத்து வட்டாரத்திலோ முதல் நாளே எல்லோருக்கும் கல்ச்சர் (மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்திருந்தார்கள்.

கணக்காகவே பார்க்கலாம். இரு வட்டாரங்களிலும் 1000 பேருக்குத் தொற்று; இரண்டிலும் 200 பேரிடம் எதிர்ப்புக் கிருமி என்று வைத்துக்கொள்வோம். எல்லோரையும் சோதித்த இடத்தில் விடை 20 விழுக்காடு. குணமாகாதவர்களை மட்டும் சோதித்த இடத்தில், எதிர்ப்புக் கிருமி உள்ளவர்களில் 150 பேரும் மற்றவர்களில் 50 பேரும் வந்தால், விடை 75 விழுக்காடு. ஊர் மாறவில்லை, வகுக்கும் எண் மாறிவிட்டது. உலக சுகாதார அமைப்பு 2015-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ கண்காணிப்புத் திட்டம், எதிர்ப்புக் கிருமிகளின் எண்ணிக்கையோடு நில்லாமல், கல்ச்சருக்கு மாதிரி கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்பது இதனால்தான்.

இதே பிழையின் இன்னொரு முகம், ஒரே நோயாளியைப் பலமுறை எண்ணுவது. சிறுநீர்க் குழாயுடன் படுத்த படுக்கையாக இருந்த ஒருவர் மட்டும் என் அட்டவணையில் 14 வரிகளைப் பிடித்திருந்தார். ஓர் ஆய்வுக் காலத்தில் ஒரு நோயாளிக்கு, ஒரு கிருமி வகைக்கு, முதல் மாதிரி மட்டுமே கணக்கு. இன்றும் யாராவது சிவப்பு வரைபடத்தை நீட்டும்போது நான் முதலில் கேட்பது இந்தச் சீட்டுகளைத்தான். திறந்துகூடப் பார்க்கவில்லை என்ற பதில் வரும்போது எரிச்சலை அடக்க முடிவதில்லை.

ஆய்வகத்தின் முகவரியைக் குறிப்பது

நோயாளி வசிக்கும் இடத்தைக் குறியுங்கள்.

48 மணி நேரத்தை மட்டும் நம்புவது

மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குள் எடுத்த மாதிரியில் கிருமி தெரிந்தால், அது சமூகத்திலிருந்து வந்தது என்று எழுதுவது வழக்கம். ஆனால் டயாலிசிஸுக்கு வாரந்தோறும் போய்வருபவரும், முதியோர் இல்லத்தில் இருப்பவரும், போன மாதம்தான் அறுவை முடிந்து வீடு திரும்பியவரும் அந்தக் கணக்கில் நுழைந்துவிடுகிறார்கள். இவர்களைத் தனியே பிரித்தால், சமூகப் பரவல் என்று நினைத்ததில் ஒரு பங்கு மருத்துவமனையின் நிழலாக இருக்கக்கூடும்.

வட்டாரத்தின் குணத்தை ஆளின் மேல் ஏற்றுவது

நெரிசலான வட்டாரத்தில் எதிர்ப்பு அதிகம் என்பதால், நெரிசலான வீட்டில் இருப்பவருக்கு ஆபத்து அதிகம் என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் யுஎஸ்ஏ300 என்ற எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலின் மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி) வகை சிறைகளிலும் விளையாட்டு அணிகளிலும் பரவியபோது, தோல் உரசலும் பொதுவான துண்டுகளும் காரணங்களாயின; இவை வட்டார சராசரி வருமானத்தில் தெரிவதில்லை.

30-க்குக் குறைந்த மாதிரிகளுக்கு விழுக்காடு போடுவது

அந்த வட்டாரத்தை வரைபடத்தில் வெள்ளையாகவே விடுங்கள்.

அளவுகோல் மாறியதை மறப்பது

2010-இல் சிஎல்எஸ்ஐ என்ற அமெரிக்க ஆய்வகத் தர அமைப்பு, குடல் கிருமிகளுக்கான சில செஃபலோஸ்போரின், கார்பபெனெம் மருந்துகளின் எல்லை மதிப்புகளை, அதாவது எவ்வளவு மருந்தைத் தாங்கினால் எதிர்ப்புக் கிருமி என்று சொல்லும் அளவுகளை, குறைத்தது. அந்தக் கிருமி அதே கிருமிதான். புதிய எல்லையை ஒரு வட்டாரத்தின் ஆய்வகம் முன்னதாகவும் இன்னொன்று தாமதமாகவும் ஏற்றிருந்தால், இடையில் வரும் நிற வேறுபாடு நீங்கள் வரைந்ததே.