பாசி போனது எப்படி: என் பவளத் தொட்டி அனுபவம்

வீட்டில் 200 லிட்டர் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். ஏழாவது மாதம் பாறைகளில் பச்சைப் பாசி தலைமுடி மாதிரி வளர்ந்து, ஸோவாந்தஸ் என்கிற பவளம் விரிய இடமில்லாமல் சுருங்கிக்கொண்டது. பிடுங்கினால் பத்தே நாளில் மறுபடி முளைத்தது. பாசிக்குத் தீனியான பாஸ்பேட்டைத் தண்ணீரில் சோதித்தால் 0.03 பிபிஎம்தான், ரொம்பக் குறைவு. அந்த எண்ணை நம்பியதுதான் தப்பு. வருவதையெல்லாம் பாசி உடனுக்குடன் தின்றுவிட்டால் சோதனையில் எங்கே தெரியும்?

அப்புறம்தான் ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட ஊற்றும் டாப்-அப் தண்ணீரில், கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நனைத்தேன். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 14! ஆர்ஓ வடிகட்டிக்கு அடுத்து, மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டிஐ ரெசின் எப்போதோ தீர்ந்திருக்கிறது. நிறம் மாறியதை நான்தான் கவனிக்கவில்லை. மாற்றினேன். மீன் தீனியான உறைந்த மைசிஸை (குட்டி இறால் மாதிரி உயிரி) உருகிய நீரோடு கொட்டாமல், டீ வடிகட்டியில் அலசிப் போட்டேன். விளக்கை 10 மணி நேரத்திலிருந்து 7 ஆக்கினேன். வாராவாரம் 20 லிட்டர் மாற்றும்போது, சின்னப் பாறைகளை அந்தப் பழைய உப்புநீர் வாளியிலேயே டூத் பிரஷால் தேய்த்தேன். பாசி குட்டையானதும்தான் நத்தைகள் மேயத் தொடங்கின. நீள முடியை அவை சீண்டவே இல்லை.

ஆறு வாரத்தில் பாறை தெரிந்தது. பாஸ்பேட் உறிஞ்சி போடச் சொன்னார்கள், போடவில்லை. பாஸ்பேட்டை ஒரேயடியாகப் பூஜ்யமாக்கினால் பவளம் வெளிறலாம், டைனோ என்கிற பழுப்புச் சளி வேறு வந்து சேரலாம். தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் மட்டும் இன்னும் ஒரு கொத்து பாக்கி இருக்கிறது. சரி, இருக்கட்டும்.