பரணில் கிடக்கும் 15 பின் ஜாய்ஸ்டிக்கை இன்றைய கன்சோலில் ஓட்ட

90-களில் சவுண்ட் கார்டின் கேம்போர்ட்டில் (ஜாய்ஸ்டிக்குக்கான 15 பின் இணைப்பு) செருகி ஆடிய ஜாய்ஸ்டிக் இருந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கன்சோலில் அதை வைத்து ஆட முடியும்.

முதல் வேலை, யுஎஸ்பி-க்கு மாற்றுவது. பணம் வீணாவது இங்கேதான். அந்த ஜாய்ஸ்டிக் பலவற்றுக்குள் பட்டன்களும், குச்சி நகர்ந்தால் மின்தடை மாறும் பொட்டென்ஷியோமீட்டர்களும் மட்டுமே இருக்கும். மின்தடை மாறுவதை அளந்து சொல்ல அடாப்டருக்குள் சிப் இருந்தாக வேண்டும். மைக்ரோசாஃப்ட் சைட்வைண்டர் பிரிசிஷன் புரோவுக்கான சின்ன அடாப்டரில் சிப் கிடையாது, வெறும் வயர் இணைப்புதான். அந்த மாடலுக்கே யுஎஸ்பி தெரியும் என்பதால் அதற்கு அது போதும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று அதை வேறு ஜாய்ஸ்டிக்கில் மாட்டினால் அசையாது. ‘அனலாக் கேம்போர்ட்’ என்று குறிப்பிட்டிருப்பதையே வாங்குங்கள்.

அடுத்து, யுஎஸ்பி-யிலிருந்து கன்சோலுக்கு ஒரு கன்வெர்ட்டர். நின்டெண்டோ ஸ்விட்சில் சிக்கல் குறைவு. பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் ‘நீ அசல்தானா’ என்று கேட்கும். சரியான பதில் போகாவிட்டால் பிஎஸ்4 சுமார் 8 நிமிடத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதனால்தான் பல கன்வெர்ட்டர்களில் அசல் கன்ட்ரோலரையும் செருகச் சொல்கிறார்கள். கன்வெர்ட்டர் உங்கள் அடாப்டரை ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேம்போர்ட்டில் அடிப்படையாக 4 அச்சு (மேல்-கீழ், இடம்-வலம் போன்ற அசைவுகள்), 4 பட்டன்தான். எனவே விமானம் ஓட்டுவது, பழைய ஆர்கேட் ஆட்டங்கள் என்று தேர்ந்தெடுங்கள். திரையில் குறிமுள் நடுங்கினால் பொட்டென்ஷியோமீட்டரில் காண்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து, குச்சியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நன்றாகச் சுழற்றுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.