கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு பொதுக் கல்லூரியில்) ஆசிரியராக வேண்டுமா?

பிஎச்டி இல்லையே என்று தயங்க வேண்டாம். கணக்கு, ஆங்கிலம், வரலாறு மாதிரி பாடங்களுக்கு அந்தந்தத் துறையில் முதுகலைப் பட்டம் போதும். இந்தியாவில் படித்தவர்கள் முதலில் பட்டத்தை அமெரிக்க மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துச் சான்று வாங்கிவிடுங்கள், அது கைக்கு வர நாளாகும்.

பெரும்பாலும் பகுதி நேரமாகத்தான் உள்ளே நுழைய முடியும். இங்கே ஒரு விதி இருக்கிறது: ஒரே கல்லூரி மாவட்டத்தில், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் கல்லூரிகளில், பகுதி நேர ஆசிரியருக்கு முழுநேரப் பணிச்சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் தர மாட்டார்கள். முழுநேரம் 15 யூனிட் (ஒரு யூனிட் என்பது வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர வகுப்பு) என்றால் உங்களுக்கு மூன்று யூனிட் வகுப்புகள் மூன்று, அவ்வளவுதான். அதனால்தான் பலர் காலையில் ஒரு கல்லூரி, மாலையில் இன்னொன்று என்று காரிலேயே பாதி நாளைக் கழிக்கிறார்கள், உழைப்பவர்களுக்கு இது நியாயமே இல்லை. வீட்டுச் செலவுக்கு வேறு வருமானம் இருக்கும்போது தொடங்குவது நல்லது.

விளம்பரம் வரும்வரை காத்திருக்காமல் துறைத் தலைவருக்கு நேரடியாக நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள். செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் திடீரென ஆள் தேவைப்படுவது சகஜம்.

அப்புறம் நேர்காணலில் மாதிரி வகுப்பு. பத்து, பதினைந்து நிமிடம்தான். பின்னக் கூட்டலை எடுத்துக்கொண்டால், 1/2 + 1/3 என்று பலகையில் எழுதி, 2/5 என்று சொல்லும் மாணவருக்கு அது ஏன் அரையைவிடக் குறைவாக வருகிறது என்று கேளுங்கள். வேலை முடிந்து களைப்போடு வரும் மாணவர்களிடம் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்பதைத்தான் குழு பார்க்கிறது.