கேஸ் ஏற்றும் முன் கரண்ட்டைப் பாருங்கள்: கார் ஏசியின் மின்கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் முறை

கார் ஏசியில் குளிர் வரவில்லை என்றால் பல இடங்களில் முதலில் கிடைக்கும் பதில், "கேஸ் கம்மி." ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கேஸ் அளவாக இருந்தும், பழுதான ரிலே (சிறு கரண்ட்டில் இயங்கும் சுவிட்ச்) ஒன்றோ துருவேறிய எர்த்தோ (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை ஓடவிடாமல் நிறுத்திவைக்கலாம். அந்தக் காரில் மேற்கொண்டு கேஸ் ஏற்றினால் பழைய கோளாறு அப்படியே இருக்கும். கூடவே அழுத்தம் எகிறும் புதுக் கோளாறும் வந்து சேரும். அதனால் முதலில் மின்சாரப் பக்கத்தை முடித்துவிட வேண்டும்.

இங்கே சொல்வது பெல்ட்டில் ஓடும், காந்தக் கிளட்ச் (கரண்ட் வந்ததும் காந்தத்தால் பிடித்துக் கம்ப்ரஸரைச் சுற்றவைக்கும் பாகம்) உள்ள கம்ப்ரஸருக்கு. ஆர்-134ஏ கேஸ் கொண்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு. கம்ப்ரஸருக்கு ஆரஞ்சு நிறக் கேபிள் போகிறதென்றால் அது மின்சாரக் கார் அல்லது ஹைபிரிட். அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். அந்தக் கேபிளில் கைவைக்க வேண்டாம்.

தேவையானவை மூன்று: டிஜிட்டல் மல்டிமீட்டர், 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் வைத்துச் செய்த டெஸ்ட் லாம்ப், நடுவில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட ஒரு ஜம்பர் வயர். மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்றால், மீட்டர் கரண்ட்டையே இழுக்காது. பல இழைகள் அறுந்து, மிஞ்சியது துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். பல்பை மாட்டினால் அது மங்கலாக எரியும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் சென்சார் வயரிலும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம்மின் வயரிலும் இந்தப் பல்பை வைக்கக் கூடாது. அங்கே மீட்டர் மட்டும்தான்.

கிளட்ச் பிடிக்கிறதா?

இன்ஜினை ஓடவிட்டு, ப்ளோயரை 2-இல் வைத்து, ஏசி பட்டனை அழுத்திவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். துண்டு, துப்பட்டா, தொளதொளப்பான சட்டைக்கை எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுழல ஆரம்பிக்கும்.

கம்ப்ரஸரின் புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பார்க்க வேண்டியது அதன் முன்னால் இருக்கும் தட்டை. "டக்" என்ற சத்தத்தோடு தட்டும் சேர்ந்து சுற்றினால் கிளட்ச் பிடித்துவிட்டது. தட்டு அசையாமல் நின்றால் கிளட்சுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது வந்தும் கிளட்சின் காயில் (கரண்ட்டில் காந்தமாகும் செம்புச் சுருள்) தட்டை இழுக்கவில்லை. கிளட்ச் ஒழுங்காகப் பிடித்து, ஃபேனும் ஓடி, அப்படியும் குளிர் இல்லையென்றால் கேஸ், அடைப்பு, கம்ப்ரஸரின் உட்பகுதி என்று வேறு வழியில் தேட வேண்டும்.

ப்ளோயர் 0-இல் இருந்தால் ஏசி ஆன் ஆகாது. கேபின் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் மீது காற்று ஓடாவிட்டால் அது உறைந்துவிடும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே ப்ளோயரே ஓடாத காரில் கம்ப்ரஸரை ஆராய்வது வீண்வேலை. முதலில் ப்ளோயரைச் சரிசெய்யுங்கள்.

ஃப்யூஸும் ரிலேயும்

பானெட்டுக்குள் இருக்கும் ஃப்யூஸ் பாக்ஸின் மூடியில் எது எங்கே என்று படம் இருக்கும். கிளட்சுக்குப் பெரும்பாலும் 7.5 அல்லது 10 ஆம்பியர் ஃப்யூஸ். அதைக் கண்ணால் மட்டும் பார்க்காமல், மீட்டரின் கருப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை ஃப்யூஸின் இரண்டு முனையிலும் மாற்றி மாற்றி வைத்து வோல்ட் பாருங்கள். ஒரு முனையில் 12, மறுமுனையில் 0 என்றால் ஃப்யூஸ் போய்விட்டது.

அடுத்து ஏசி ரிலே. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு வேறொருவரை ஏசி பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். விரலில் "டிக்" என்று தட்டினால் இசிஎம்மிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. கோளாறு ரிலேக்குப் பிறகோ, ரிலேக்குள் தொட்டுப் பிரியும் பாயிண்ட்டிலோ இருக்கிறது. தட்டாவிட்டால் ரிலேயின் காயிலோ, உத்தரவு வரும் வழியோ பழுது. பக்கத்தில் இருக்கும் ஹாரன் ரிலே அதே எண்ணுடையதாக இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். காசில்லாத சோதனை, அரை நிமிட வேலை.

ரிலேயைக் கழற்றிய சாக்கெட்டில் செய்யும் சோதனைதான் இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது. ஒரே அடியில் பாதி வயரிங்கைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும்: 85, 86 காயில், 30 பேட்டரி லைன், 87 கிளட்சுக்குப் போகும் லைன். சில ஜப்பானிய ரிலேக்களில் 1, 2 காயில். 3, 5 பாயிண்ட். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல், 30-ஐயும் 87-ஐயும் ஃப்யூஸ் போட்ட ஜம்பரால் இரண்டு மூன்று விநாடி இணையுங்கள். கம்ப்ரஸரில் "டக்" கேட்டால் சாக்கெட்டிலிருந்து கிளட்ச் வரை வயர், காயில், எர்த் எல்லாம் ஒழுங்கு. கோளாறு உத்தரவு பக்கம். கேட்காவிட்டால் கம்ப்ரஸர் பக்கம் போக வேண்டும்.

கிளட்சின் கப்ளரில்

ஜம்பரை மாட்டிய நிலையில் கம்ப்ரஸரின் கப்ளரை (வயர் இணைக்கும் பிளக்) கழற்றி, வண்டிப் பக்கத்து முனையில் டெஸ்ட் லாம்பின் ஒரு வயரையும், எர்த்தில் மற்றொன்றையும் வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் லைன் நல்லது. மங்கல் என்றால் வழியில் துரு அல்லது அறுந்த இழை. கம்ப்ரஸர் பக்கத்து முனையில் அளந்தால் காயிலின் ஓம் அளவு பெரும்பாலும் 3-க்கும் 5-க்கும் நடுவே இருக்கும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் உள்ளே அறுந்திருக்கிறது. சில கம்ப்ரஸர்களில் கிளட்ச் வழுக்கிச் சூடேறும்போது காயிலைக் காப்பாற்றவென்று உள்ளே இருக்கும் வெப்ப ஃப்யூஸ் போயிருக்கும். ஒரே வயர் வரும் கிளட்சில் எர்த் கம்ப்ரஸரின் உடல் வழியாகத்தான் போகிறது. கிளட்ச் பிடித்திருக்கும்போது கம்ப்ரஸர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள்.

காலையில் நன்றாகக் குளிர்ந்து, மத்தியானம் அரைமணி ஓடியபின் நின்றுவிடும் ஏசிக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே 0.3 முதல் 0.6 மி.மீ இடைவெளி இருக்க வேண்டும். தேய்ந்து தேய்ந்து அது அகன்றுவிடும். காயிலோ செம்புக் கம்பி. 20 டிகிரியில் 3.6 ஓம் இருந்தது 100 டிகிரியில் ஏறக்குறைய 4.7 ஓம் ஆகிறது. 12.6 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் இழுத்த காயில் சூட்டில் 2.7 ஆம்பியர்தான் இழுக்கும். அந்தக் குறைந்த காந்த சக்திக்கு அகன்ற இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்க முடிவதில்லை. நின்றுபோன நேரத்தில் கப்ளரில் 12 வோல்ட் வந்துகொண்டிருந்தால் இதுதான் என்று கொள்ளலாம். இன்ஜினை அணைத்து, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இடைவெளியை மூன்று இடங்களில் அளந்து, தட்டின் பின்னால் இருக்கும் ஷிம் (மெல்லிய வாஷர்) ஒன்றை எடுத்தால் பல நேரம் சரியாகிவிடும். இதற்காக முழுக் கம்ப்ரஸரையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உத்தரவு ஏன் வரவில்லை?

சாவி ஆனில் இருக்கும்போது ரிலே சாக்கெட்டின் 85, 86 இரண்டில் ஒன்றில் 12 வோல்ட் இருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் மற்றொன்றுக்கு இசிஎம் எர்த் கொடுத்து ரிலேயை இழுக்கும். பிரஷர், கூலிங் காயிலின் குளிர், இன்ஜின் சூடு என எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் அது எர்த் கொடுக்கும்.

பிரஷர் சுவிட்ச், கேஸின் அழுத்தம் ஏறக்குறைய 2 பாருக்கு (சுமார் 29 பிஎஸ்ஐ) கீழே போனாலும், 30 பார் அளவுக்கு ஏறினாலும் கம்ப்ரஸரை நிறுத்தும். கேஜ் மாட்டிப் பார்த்தால், ஓடாத நிலையில் 30 டிகிரி வெயிலில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். இந்த அளவு இருந்தால் கேஸ் முழுசாக இருக்கிறது என்று அர்த்தமல்ல. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே இதே அழுத்தம் காட்டும். ஆனால் கம்ப்ரஸரைத் தடுக்கும் அளவுக்குக் காலியாகவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். மீறி ரிலே இழுக்கவில்லையென்றால் சுவிட்சையும் அதன் வயரையும் பாருங்கள்.

பழைய கார்களில் இரண்டு வயர் சுவிட்ச். கப்ளரைக் கழற்றி, சுவிட்சின் இரு முனைக்கும் நடுவே தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்தால் போதும். மூன்று வயர் என்றால் அது சென்சார்: ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். ஓடாத நிலையில் சிக்னல் பெரும்பாலும் 1 வோல்ட்டுக்கும் 2 வோல்ட்டுக்கும் நடுவே இருந்து, கம்ப்ரஸர் ஓடியதும் ஏற வேண்டும். இந்த மூன்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கவே கூடாது. இரண்டு வயர் சுவிட்சையும் நிரந்தரமாக பைபாஸ் செய்துவிடும் பழக்கம் பல கம்ப்ரஸர்களைக் கொன்றிருக்கிறது. கேஸ் போனபின் ஆயில் சுற்றாது. ஆயில் இல்லாத கம்ப்ரஸர் ஜாம் ஆகும்.

கூலிங் காயிலில் செருகியிருக்கும் தெர்மிஸ்டர் (வெப்பம் அளக்கும் சென்சார்) உறைநிலைக்குச் சற்று மேலே கம்ப்ரஸரை நிறுத்தும். குளிரக் குளிர அதன் ஓம் ஏறும். அறை வெப்பத்தில் அளந்துவிட்டு ஐஸ் தண்ணீரில் முக்கினால் 2.5 முதல் 3 மடங்கு ஏற வேண்டும். வயர் அறுந்தால் இசிஎம்முக்கு அது கடுங்குளிராகத் தெரியும், ஏசி ஆனே ஆகாது. இடம் நழுவி வெளியே தொங்கினால் நேர்மாறு: கூலிங் காயில் உறைந்து, நீண்ட பயணத்தில் காற்று வர வரக் குறையும், ஏசியை நிறுத்திக் கால்மணி கழித்துப் போட்டால் மறுபடி வரும்.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே விடும், ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள பாகம்) ஃபேனைப் பாருங்கள். ஏசி போட்ட சிறிது நேரத்தில் அது சுற்ற வேண்டும். அதன் கப்ளரில் லைன் வந்தும் சுற்றாவிட்டால் மோட்டார் போயிற்று.

ப்ளோயர் 4-இல் மட்டும் ஓடுவது

இதற்குக் காரணம், ப்ளோயரின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர். 1, 2, 3 அதன் வழியாகவும், 4 நேரடியாகவும் போவதால் 4 மட்டும் உயிரோடிருக்கும். ப்ளோயர் காற்றே இந்த ரெசிஸ்டரைக் குளிர்விக்கிறது. கேபின் ஃபில்டரில் தூசி அடைத்தால் காற்று குறைந்து அது கருகும். புதிது போடும்போது ஃபில்டரையும் மாற்றுங்கள். கப்ளர் பழுப்பேறி உருகியிருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது ரெசிஸ்டரும் நிலைக்காது. எந்த ஸ்பீடிலும் ஓடாமல், குளோவ் பாக்ஸுக்குக் கீழே மோட்டாரை லேசாகத் தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

ஃப்யூஸ் அடிக்கடி போனால்

பெரிய ஃப்யூஸ் போடாதீர்கள். எரிவது ஃப்யூஸுக்குப் பதில் வயராக இருக்கும். கிளட்ச் ஃப்யூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பை மாட்டி, கம்ப்ரஸர் கப்ளரைக் கழற்றி, ரிலே சாக்கெட்டில் ஜம்பரை மாட்டுங்கள். அந்த ஃப்யூஸில் வேறெதுவும் இல்லையென்றால் பல்பு எரியக் கூடாது. எரிந்தால் வயர் எங்கோ பாடியில் உரசி ஷார்ட் ஆகிறது. எரியாவிட்டால் வயரை அங்கங்கே அசைத்துப் பாருங்கள். பல்பு மின்னும் இடத்தில்தான் கோளாறு. கம்ப்ரஸர் பிராக்கெட் விளிம்பு, ஹெட்லைட்டின் பின்புறம், எலி கடித்த இடங்கள் ஆகியவற்றை முதலில் தேடுங்கள். எங்கும் மின்னவில்லையென்றால் காயிலையும், அதன் குறுக்கே இருக்கும் டயோடையும் சோதியுங்கள். டயோடு ஷார்ட் ஆனாலும் ஃப்யூஸ் போகும். அறுந்த இடத்தை டேப் சுற்றி விடாமல் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, சைலன்ஸர் மேனிஃபோல்டிலிருந்து ஒதுக்கிக் கட்டுங்கள்.