25 பேருக்கும் வான்கோழி சூடாகக் கிடைக்க: வீவக வீட்டில் கிறிஸ்துமஸ் ரோஸ்ட் விருந்து

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீடு, ஒரே ஒரு ஓவன், விருந்தாளிகள் 25 பேர். சாப்பாடு ஏழரைக்கு என்று சொல்லியாகிவிட்டது. கேரல் பாடப் போன கூட்டம் எட்டேகாலுக்கு முன்னால் வராது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆறிப்போன ரோஸ்ட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த முக்கால் மணி நேரம்தான். ஓவனைக் குறை சொல்லிப் பயனில்லை.

முழுசாக இருக்கிறவரை 6 கிலோ வான்கோழி சூட்டை எளிதில் விடாது. துண்டு போட்டுத் தட்டில் பரப்பினால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடும். அதனால் முழுசாக வைத்துக் காப்பது, கடைசி நேரத்தில் வெட்டுவது, கிரேவியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவது என்று மூன்று வேலைகள் இருக்கின்றன. கீழே வருவதெல்லாம் இவற்றுக்கான ஏற்பாடு.

60 டிகிரிக்குக் கீழே விடக்கூடாது

சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே இருக்க வேண்டும். 5 முதல் 60 வரை உள்ள இடைவெளியைத்தான் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஆபத்தானது என்கிறது. கேட்டரிங் உணவோடு வரும், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்ற நேரச் சீட்டும் இதே கணக்கில் வந்ததுதான். பெரிய இறைச்சித் துண்டுக்கும் கெட்டியான கிரேவிக்கும் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் தொல்லை அதிகம். அதன் வித்துகள் சமைக்கும் சூட்டிலும் சாகாமல் கிடக்கும். உணவு மெல்ல ஆறி 45 டிகிரி வாக்கில் வரும்போது மளமளவென்று பெருகும். நன்றாக வெந்த கறியும் வயிற்றைக் கெடுப்பது இப்படித்தான்.

கையால் தொட்டுப் பார்த்து 'சூடாத்தானே இருக்கு' என்பது கணக்கில் சேராது. 50 டிகிரியே கைக்குச் சுடும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த விருந்துக்குப் புதிதாக வாங்க வேண்டிய பொருள் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும்.

ஐஸ் பெட்டிதான் இரண்டாவது ஓவன்

கடற்கரைக்கும் பார்பிக்யூவுக்கும் தூக்கிக்கொண்டு போகும் 40, 50 லிட்டர் ஐஸ் பெட்டி குளிரை வெளியே விடாதது போலவே சூட்டையும் விடாது. வான்கோழியை அதற்குள் வைத்தால் ஓவன் உருளைக்கிழங்குக்குக் காலியாகும். பெரிய லாபம் அதுதான்.

வெறும் பெட்டிக்குள் அப்படியே வைத்தால் பெட்டியின் சுவரே முதலில் சூட்டைக் குடித்துவிடும். முன்கூட்டியே சூடாக்குங்கள். வான்கோழி ஓவனைவிட்டு வெளியே வருவதற்கு அரை மணி நேரம் முன்னால், குழாயில் வரும் வெந்நீரோடு கெட்டிலில் காய்ச்சிய நீரையும் கலந்து ஐந்தாறு லிட்டர் பெட்டிக்குள் ஊற்றி மூடி வையுங்கள். கொதிக்கும் நீரை மட்டும் நேராக ஊற்றினால் சில பெட்டிகளின் உள்பக்க பிளாஸ்டிக் கோணிப்போகும். இருபது நிமிடம் கழித்து நீரைக் கொட்டி, துடைத்து, அடியில் மடித்த துவாலை ஒன்றைப் போடுங்கள்.

வான்கோழியின் தொடையில், எலும்பில் படாமல் குத்தினால் 75 டிகிரி காட்ட வேண்டும். நெஞ்சின் தடித்த பகுதியிலும் அதுவே. வெளியே எடுத்ததும் பெட்டிக்குள் திணிக்காதீர்கள். கால் மணி நேரம் மூடாமல் மேசையில் இருக்கட்டும். எடுத்த பிறகும் உள்சூடு சில டிகிரி ஏறும். உடனே பொதிந்து வைத்தால் அந்தச் சூட்டிலேயே நெஞ்சுக்கறி மேலும் வெந்து பஞ்சு போலாகும். அதன் பிறகு ட்ரேயோடு சேர்த்து அலுமினியத் தாளால் இரண்டு சுற்று சுற்றி, மேலே துவாலை போட்டு, பெட்டியில் வையுங்கள். சுற்றிலும் காலி இடம் இருந்தால் பழைய துவாலைகளால் நிரப்புங்கள். சூட்டைத் தின்பது அந்த வெற்றிடம்தான். மூடிய பிறகு 'எப்படி இருக்கு' என்று திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

இப்படி வைத்தால் 6 கிலோ வான்கோழி இரண்டு மணி நேரம் 60க்கு மேல் தாங்கும். ஆனாலும் எடுக்கும்போது குத்திப் பாருங்கள். 65க்குக் கீழே வந்திருந்தால், தாளின் ஓரத்தை மட்டும் விலக்கி அரை கப் சூடான ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு) ஊற்றி, மறுபடி மூடி 120 டிகிரி ஓவனில் வைத்துச் சூடு ஏற்றுங்கள்.

ஈரச் சந்தையில் மீன் வந்த தெர்மகோல் பெட்டி இந்த வேலைக்கு வேண்டாம். சூடு பட்டால் அதிலிருந்து மீன் வாடை கிளம்பும். கிறிஸ்துமஸ் அன்று அந்த வாசம் எதற்கு?

தோல் மொறுமொறுப்பு

பொதிந்து வைத்தால் தோல் நமுத்துப்போகும். இதற்குத் தப்ப வழியில்லை, ஆனால் சரிசெய்ய வழி உண்டு. வெட்டும் நேரத்தில் நெஞ்சின் மேல் உள்ள தோலை ஒரே விரிப்பாக உரித்தெடுங்கள். உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கும் 220 டிகிரி ஓவனில் தனி ட்ரேயில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் அப்பளம் போல நொறுங்கும். அதைத் துண்டாக்கிக் கறியின் மேல் போட்டுவிடுங்கள். முழு வான்கோழியையும் மறுபடி ஓவனில் ஏற்றிக் காயவைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வெட்டுவது எப்போது

ஜெபம் முடிந்த பிறகு. ஜெபத்துக்கு முன்னால் வெட்டிவைத்துவிட்டு, பெரியவர் ஒருவர் ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் சொல்லி வேண்டிக்கொள்ளத் தொடங்கினால் கறி ஆறிவிடும். முதலில் பாதி மட்டும் வெட்டுங்கள். மறுபாதி எலும்போடு தாளுக்குள் இருக்கட்டும். இரண்டாம் சுற்றுக்கு அது சூடாகவே கிடைக்கும்.

துண்டு முக்கால் சென்டிமீட்டர் தடிமனாக இருக்கட்டும். தாள் போல மெல்லிசாக வெட்டினால் அழகுதான், ஆனால் வாய்க்குப் போவதற்குள் ஆறும். வெட்டிய கறியை வெறும் ட்ரேயில் அடுக்கக்கூடாது. ட்ரேயைச் சூடாக்கி, கொதிக்கும் ஸ்டாக் ஒரு கப் ஊற்றி, அதில் துண்டுகளைச் சாய்த்து அடுக்கி மூடுங்கள். ஸ்டாக் சூட்டையும் காக்கும், நெஞ்சுக்கறி வறளாமலும் பார்த்துக்கொள்ளும்.

6 கிலோ வான்கோழியில் எலும்பு போக இரண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கறி தேறும். 25 பேருக்குத் தலைக்கு 100 கிராம். பக்கத்தில் பிரியாணியும் ஆட்டுக்கறிப் பிரட்டலும் இருக்கப்போகிறது என்பதால் இது போதும்.

கிரேவி

ஆறத் தொடங்கிய கறியையும் சூடான கிரேவி காப்பாற்றும். கறி எவ்வளவு சூடாக இருந்தாலும் ஆறிய கிரேவி அதைக் கெடுத்துவிடும். தலைக்கு 80 முதல் 100 மில்லி, ஆக இரண்டு முதல் இரண்டரை லிட்டர். இதை வாய் அகன்ற ஃப்ளாஸ்க்குகளில் ஊற்றி வையுங்கள். காப்பி ஊற்றும் அழுத்து ஃப்ளாஸ்க் வேண்டாம், கெட்டியான கிரேவி குழாயில் அடைத்துக்கொள்ளும். ஃப்ளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கிரேவியைத் தளதளவென்று கொதிக்கும்போதே கழுத்துவரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறும்.

ஆற ஆறக் கெட்டியாகும் என்பதால், நீங்கள் நினைக்கும் பதத்தைவிடச் சற்றுத் தண்ணியாகவே இறக்குங்கள். மேலே மிதக்கும் கொழுப்பை முழுக்க வழித்தெடுக்கவும் வேண்டாம். எண்ணெய் மிதக்கும் குழம்பு சீக்கிரம் ஆறாது என்பது நம் அடுப்படிக்குப் புதிதில்லை. மேசையில் கிரேவிக் கிண்ணத்தைச் சின்னதாக வைத்து, ஃப்ளாஸ்க்கிலிருந்து அடிக்கடி ஊற்றுங்கள். பழைய கிரேவியின் மேல் புதிதை ஊற்றாமல், கிண்ணம் காலியான பிறகு நிரப்புவது நல்லது.

பஃபே அடுப்புகள்

பஃபே அடுப்பில் கீழே எரிபொருள் டப்பா எரியும், அதற்கு மேல் வெந்நீர் ட்ரே, அதற்கும் மேல் உணவு ட்ரே. கேட்டரிங்காரர்கள் கொண்டுவரும் சேஃபிங் டிஷ், கம்பி ஸ்டாண்டும் அலுமினிய ட்ரேயுமாகக் கிடைக்கும் ஒருநாள் வகை இரண்டுமே சூட்டைக் காக்கும், ஆறியதைச் சூடாக்காது. ஆறிய பிரியாணியை அதில் ஏற்றினால் அது மணிக்கணக்கில் ஆபத்து இடைவெளியிலேயே கிடக்கும். அடுப்பில் நன்றாகச் சூடாக்கிய பிறகே ஏற்ற வேண்டும்.

அடி ட்ரேயில் கொதிநீர் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அந்தச் சின்னச் சுடருக்கு அதைக் காய்ச்சவே நேரம் போய்விடும். உணவு வைப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஏற்றி, மூடி வையுங்கள். தண்ணீர் இல்லாமல் உணவு ட்ரேயை நேராகச் சுடருக்கு மேல் வைத்தால் நடுவில் தீயும், ஓரத்தில் ஆறும். முக்கால் மணிக்கு ஒருமுறை நீர் மட்டத்தைப் பாருங்கள்.

மின்விசிறிதான் இதற்கு முதல் எதிரி. சுடரைச் சாய்க்கும், உணவின் மேல் ஓடி ஆவியையும் கொண்டுபோகும். மேசையை விசிறிக்கு நேர்க் கீழே போடாதீர்கள். ஏர்கானை விருந்தாளிகள் பக்கம் திருப்புங்கள். ஜன்னல் திரைக்குப் பக்கத்திலும் வேண்டாம். எரிபொருள் டப்பாவை அதன் மூடியால் மூடி அணையுங்கள், ஊத வேண்டாம். எரியும் டப்பாவிலோ இன்னும் சூடாக இருக்கும் டப்பாவிலோ எரிபொருள் ஊற்றவே கூடாது. வெளிச்சமான இடத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாமல் எரியும். அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றுகிறவர் கைமேல் பற்றிக்கொள்ளும். விருந்தைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்தால் காற்றுக்கு இரண்டு பக்கமும் அட்டை போதாது, உலோகத் தடுப்பு வேண்டும். இடத்தைப் பதியும்போதே தீ பயன்படுத்தலாமா என்று நகர மன்றத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரத்திலும் ஒரு கணக்கு உண்டு. 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட். கெட்டிலையும் ஏர் ஃப்ரையரையும் ஒரே நீட்டிப்பு வயரில் மாட்டினால் அந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். 'வார்ம்' நிலையில் இருக்கும் ரைஸ் குக்கர், ஸ்லோ குக்கர் இவை இரண்டும் குறைவாகவே இழுக்கும்.

மசித்த உருளைக்கிழங்குக்கு ரைஸ் குக்கரைவிட நல்ல இடமில்லை. மேலே கொஞ்சம் சூடான பாலும் வெண்ணெயும் விட்டு 'வார்ம்'மில் வையுங்கள். ரோஸ்ட் உருளைக்கிழங்கை மட்டும் எதிலும் மூடாதீர்கள், நமுத்துவிடும். ஹாட் கேஸில் வைத்தே ஆக வேண்டுமென்றால் சப்பாத்திக்குச் செய்வதுபோல் அடியிலும் மூடிக்குக் கீழேயும் துணி போடுங்கள். அப்படியும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. பீன்ஸ், புரோக்கோலி இவற்றைக் காத்து வைக்கவே முயலாதீர்கள். பச்சை நிறம் போய் மங்கிவிடும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஆவியில் வேகவைத்தால் போதும்.

தட்டு, வரிசை

23 டிகிரி ஏர்கான் அறையில் இருந்த பீங்கான் தட்டு, அதில் விழும் கறியின் சூட்டை அந்த நொடியிலேயே உறிஞ்சும். சிங்க்கில் வெந்நீர் நிரப்பித் தட்டுகளை ஐந்து நிமிடம் முக்கி, துடைத்து, துவாலையில் சுற்றி அடுக்கி வையுங்கள். மெலமைன் தட்டுகளை ஓவனிலோ மைக்ரோவேவிலோ வைக்காதீர்கள்.

மேசையில் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் தட்டு, பிறகு சாலட், கிரான்பெர்ரி சாஸ், அடுத்து காய்கறி, பிரியாணி, உருளைக்கிழங்கு, பிறகு கறி, கடைசியில் கிரேவி. கறியை முதலில் வைத்தால், சாலட்டில் தக்காளி வேண்டுமா வெள்ளரி வேண்டுமா என்று யோசிக்கும் நேரத்தில் அது ஆறும். சாஸைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அரை மணி நேரம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். மேசையைச் சுவரோடு ஒட்டாமல் நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் ஆட்கள் வரலாம், வரிசை பாதியாகும். சைவக்காரர்களின் உணவுக்குக் கரண்டியும் மேசையும் தனியாக இருக்கட்டும்.

ஏழரை மணி விருந்துக்கு நேரக் கணக்கு

வான்கோழி மூன்று நாள் முன்னாலேயே ஃப்ரீசரிலிருந்து குளிர்சாதனப் பெட்டிக்கு மாறியிருக்க வேண்டும். உள்ளே பனி இருந்தால் கீழே உள்ள நேரம் எதுவும் நிற்காது.

1.45 – ஸ்டஃபிங் (வயிற்றுக்குள் அடைக்கும் பூரணம்) இல்லாத 6 கிலோ வான்கோழி 170 டிகிரி ஓவனில். மூன்று, மூன்றேகால் மணி நேரம் பிடிக்கும்.
4.30 – ஐஸ் பெட்டியில் வெந்நீர்.
5.00 – குத்திப் பார்த்து வெளியே. 5.15க்குப் பெட்டிக்குள்.
6.30 – பாதி வேகவைத்து எண்ணெய் புரட்டிய உருளைக்கிழங்கு 220 டிகிரி ஓவனில்.
7.00 – பஃபே அடுப்புகள் ஏற்றம், சிங்க்கில் தட்டுகள்.
7.10 – கிரேவி ஃப்ளாஸ்க்கில்.
7.15 – பெட்டியைத் திறந்து சூடு பார்த்து, தோலை உரித்து ஓவனுக்கு. வெட்டுவது ஜெபம் முடிந்ததும்.

கேரல் கூட்டம் தாமதமானால் இந்தப் பட்டியலில் கெடக்கூடியது உருளைக்கிழங்கு ஒன்றுதான். 'கடைசி வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறோம்' என்று போன் வந்த பிறகு அதை ஓவனில் போடுங்கள். வான்கோழி பெட்டியில் அசையாமல் இருக்கட்டும், 7.15 தாண்டினால் மட்டும் ஒருமுறை குத்திப் பார்த்து, தேவைப்பட்டால் ஓவனுக்கு மாற்றுங்கள்.

அடுப்புகளை அணைத்ததும் இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சக் கறியை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கறியோடு முழு எலும்புக்கூட்டை அப்படியே உள்ளே தள்ளினால் நடுப்பகுதி ஆற விடியும். மறுநாள் கிரேவியைக் கொதிக்கவிட்டும், கறியை 75 டிகிரிக்கு ஏற்றியும் பரிமாறுங்கள். எலும்பை அன்றிரவே ஃப்ரீசரில் போட்டுவிட்டால், ஓய்வாக ஒருநாள் மிளகு தட்டிப்போட்டு சூப் வைக்கலாம்.